நின்றுகொண்டே பாடம் எடுத்தவள்

ஜூன் 10, செவ்வாய்

இன்று முதல் எனக்குக் கால் சரியாகிவிட்டது. அரசாங்கமே கடிதம் போட்டுச் சொல்லியிருக்கிறது.

"மேற்படி நபருக்கு இடது காலில் ஓரளவு பலவீனம் காணப்படுகிறது. எனினும் பிறர் துணையின்றி நிற்கவும் நடக்கவும் இயலும். வேலை செய்யத் தகுதியுள்ளவர்." கீழே மண்புழு நெளிந்த மாதிரி ஒரு கையெழுத்து. இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து சூம்பிப்போன கால். அரை நூற்றாண்டுக்கு மேல் அதை இழுத்துக்கொண்டு திரிந்தவள் நான். அதில் இருப்பது 'ஓரளவு பலவீனம்' என்று ஒரு மனிதர் படித்துப் பட்டம் வாங்கிக் கண்டுபிடித்திருக்கிறார். உதவித்தொகை இந்த மாதத்தோடு நிற்கிறது.

போன வருடம் பள்ளிக்கூடத்துத் தாளாளர் என்னைக் கூப்பிட்டு, "இனிமே உங்களால முடியாது டீச்சர், ரெஸ்ட் எடுங்க" என்று ஒரு சால்வையைப் போர்த்தி வீட்டுக்கு அனுப்பினார். தனியார் பள்ளிக்கூடம். சால்வையோடு சரி, பென்ஷன் கிடையாது. அவர் முடியாது என்கிறார், அரசாங்கம் முடியும் என்கிறது. இரண்டு பேரும் ஒருநாள் சேர்ந்து உட்கார்ந்து, முடியுமா முடியாதா என்று ஒரு முடிவுக்கு வந்து எனக்கும் ஒரு வார்த்தை சொன்னால் புண்ணியமாகப் போகும்.

உதவித்தொகையும் சாயங்காலம் வருகிற டியூஷன் பிள்ளைகளும் சேர்ந்துதான் இந்த வீட்டு வாடகையும் என் சோறும். ஒன்று போனால் வீடு போகும். வீடு போனால் கோயம்புத்தூரில் தம்பி வீடுதான் கதி. அதைப் பற்றி இப்போது எழுத எனக்கு விருப்பமில்லை.

கோபம் வந்தால் எழுதுவது என் பழைய வழக்கம். பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்று சட்டம் வந்தபோது ஆரம்பித்தது.

ஜூன் 11, புதன்

வேலுத்தாய் காலையில் இட்லி கொண்டுவந்தாள். பக்கத்து வீட்டுக்காரி, வாசலில் இட்லிக்கடை போட்டிருக்கிறாள். கடைக்கு வருகிற எல்லாருக்கும் சட்னியோடு புத்திமதியும் உண்டு. இரண்டுக்கும் அவள் காசு கேட்டதில்லை என்னிடம், அதனால் இரண்டையும் விழுங்க வேண்டியிருக்கிறது.

"என்ன டீச்சர், மூஞ்சி இம்புட்டு நீளத்துக்குக் கெடக்கு?"

கடிதத்தைப் படித்துக் காட்டினேன்.

"அப்ப கால் நல்லாயிருச்சுங்கிறாகளா?"

"ஆமா. அடுத்த மாசம் ஓட்டப்பந்தயத்துக்குப் பேர் குடுத்திருக்கேன்."

"கோவப்படாதீக. எங்க சின்னய்யா மகன் ஒருத்தன், சுண்டுவிரல் மட்டுந்தான் கோணலு. அவனுக்கு வாரி வழங்கியிருக்காக. நீங்க போன அன்னைக்கு என்னத்தச் செஞ்சீக?"

நான் என்ன செய்தேன். புது அட்டை கொடுக்கிறோம், பழைய சான்றிதழ் செல்லாது, எல்லாரும் திரும்ப டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றார்கள். போன மாதக் கடைசிப் புதன்கிழமை பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். சுவரோரம் ஒரு பெஞ்சில் எங்களை வரிசையாக உட்கார வைத்தார்கள். டாக்டர் சின்னப்பிள்ளை. முளைக்கலாமா வேண்டாமா என்று மீசை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது. வந்தார், உட்கார்ந்தார், செல்போனைப் பார்த்தார், எழுதினார். என் காலை அவர் பார்க்கவே இல்லை. அவ்வளவுதான் நடந்தது.

"நீங்க அந்த நீலச் சேலைய கட்டிட்டுப் போனீகளே" என்றாள்.

கட்டிக்கொண்டுதான் போனேன். அரசாங்க ஆஸ்பத்திரி என்றால் அழுக்குச் சேலையில்தான் போக வேண்டும் என்று எங்காவது எழுதியிருக்கிறதா.

"கம்பு கையில வச்சிருந்தீகளா?"

"ஆட்டோவுல இருந்துச்சு."

வேலுத்தாய் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு புத்திமதி சொல்லாமலே போய்விட்டாள். அதிசயம்தான்.

ஜூன் 13, வெள்ளி

இப்போதெல்லாம் வாளியைப் பாதிதான் நிரப்புகிறேன். தண்ணீர்ச் சிக்கனம் பற்றி ஏழாம் வகுப்புக்கு வருடா வருடம் பாடம் நடத்தியவள், நானே கடைப்பிடிக்காவிட்டால் எப்படி.

ஜூன் 15, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. புதிதாக வந்திருக்கிற போதகர் ஒரே வசனத்தைப் போட்டு ஒரு மணி நேரம் பிழிகிறார். போதாததற்கு ஜெபத்துக்கு ஜெபம் முழங்கால்படியிடச் சொல்கிறார். ஆண்டவருக்குக் காது நன்றாகக் கேட்கும். முழங்காலைப் பார்த்துத்தான் கேட்பேன் என்று அவர் இருந்தால் அவருக்கும் அந்தச் சின்ன டாக்டருக்கும் பெரிய வித்தியாசமில்லை.

வீட்டிலேயே பைபிள் வாசித்தேன். மீன் குழம்பு வைக்க நினைத்திருந்தேன். அடுப்பு முன்னால் அவ்வளவு நேரம் நிற்பதற்கு அந்த மீன் தகுதியில்லை. ரசம்.

ஜூன் 18, புதன்

திரும்ப விண்ணப்பிக்கலாம் என்று வேலுத்தாய் கடையில் யாரோ சொன்னார்களாம். எங்களுக்கென்றே இருக்கிற அலுவலகத்துக்குப் போனேன். அது மாடியில் இருக்கிறது. காது கேளாதவர்களுக்கு வானொலியில் அறிவிப்பு கொடுக்கிற புத்திசாலிகள்தான் அந்த இடத்தையும் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். லிப்ட் ஒன்று உண்டு. அதற்குள் எங்களுக்குக் கொடுப்பதற்காக வந்த சக்கர நாற்காலிகளை அடுக்கிப் பூட்டியிருக்கிறார்கள். அமைச்சர் கையால் கொடுக்க வேண்டுமாம், அமைச்சர் இன்னும் தேதி கொடுக்கவில்லையாம்.

கீழே இருந்து ஆள் அனுப்பிக் கேட்டுப்பார்த்தேன். யாரும் இறங்கி வரவில்லை. சரி என்று ஏறினேன். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, நடுவில் நின்று நின்று, சுவரில் ஒட்டியிருக்கும் நலத்திட்டங்களையெல்லாம் ஒன்று விடாமல் படித்துக்கொண்டு ஏறினேன். நல்ல திட்டங்கள்.

மேலே ஒரு கிளார்க். முறுக்குத் தின்றுகொண்டிருந்தார். கடிதத்தை வாங்கிப் பார்த்தார், என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மாடி ஏறித்தான வந்தீங்க?"

"பறந்து வரலை."

"அப்புறம் என்னம்மா. டாக்டர் சரியாத்தான் எழுதியிருக்காரு."

என் வாயில் வந்ததை இங்கேகூட எழுத மாட்டேன். முப்பது வருடம் வாத்தியார் வேலை பார்த்தவள் எழுதுகிற வார்த்தை இல்லை அது. ஆனால் அவரிடம் சொன்னேன். முறுக்கைக் கீழே வைத்துவிட்டு விண்ணப்பத்தை எடுத்துக் கொடுத்தார். அங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். மறுபரிசோதனைக்குத் தேதி வரும் என்றார்.

இறங்குவதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 24, செவ்வாய்

கோட்டைச்சாமி வந்திருந்தான். என்னிடம் ஏழாவது படித்தவன். வரைபடத்தில் கோதாவரியை வருடம் முழுக்க ராஜஸ்தானில் ஓடவிட்டவன். இப்போது பெரியாஸ்பத்திரியில் டாக்டர்களுக்குப் பக்கத்தில் நின்று பெயர் கூப்பிடுகிற வேலை. ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து வாசலிலேயே நின்றான்.

"உள்ள வாடா. உக்காரு."

"இருக்கட்டும் டீச்சர்."

நாற்காலியைக் காட்டினேன். கடைசிவரை உட்காரவில்லை. நாற்பது வயதுக்காரன், தலையில் பாதி முடி இல்லை. கைகட்டி நிற்கிறான்.

"என்னாலதான் டீச்சர் ஒங்களுக்கு இப்படி ஆகிப்போச்சு. நான் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கணும்."

அதை எழுத வேண்டாம் என்று இருந்தேன். அவனே வீடு தேடி வந்து சொன்ன பிறகு எழுதாமல் என்ன. அன்றைக்கு என் பெயரைக் கூப்பிட்டவன் இவன்தான். "ஞானசௌந்தரி" என்று கூப்பிட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தான். முகமெல்லாம் பல்லாகி, டாக்டரிடம் திரும்பி, "சார், எங்க டீச்சர் சார். ஒருநாள்கூட சேர்ல உக்காந்து பாத்ததில்ல. காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் நின்னுக்கிட்டேதான் பாடம் எடுப்பாங்க" என்றான். டாக்டர் அதைக் கேட்டார், எழுதினார்.

உளறுவாயன். அன்றும் வரைபடத்தைத் தப்பான இடத்தில்தான் விரித்தான்.

"நீ எப்பவுமே அப்படித்தானடா. கேக்காத கேள்விக்கு முந்திக்கிட்டுப் பதில் சொல்லுவ."

"பெருமையாச் சொல்லிட்டேன் டீச்சர்." தரையைப் பார்த்துக்கொண்டு, "ஆனா அவரு அதுக்கு முன்னாடியே ஒண்ணு எழுதிட்டாரு டீச்சர். அவரு உள்ள வந்தப்ப பெஞ்சுல யாருமே எந்திரிக்கல. நீங்க மட்டுந்தான் எந்திரிச்சு நின்னீங்க. கம்புகூட இல்லாம" என்றான்.

பெரியவர் ஒருவர் உள்ளே வந்தால் எழுந்து நிற்பது மரியாதை. அதைத்தான் நான் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தேன். மரியாதை செய்தால் உதவித்தொகையை நிறுத்துவார்கள் என்று பாடப்புத்தகத்தில் இல்லை. கம்பு ஆட்டோவில் இருந்தது என்று முன்பே எழுதிவிட்டேன். ஆட்டோ நின்ற இடத்திலிருந்தே அறைக்கதவு திறந்திருப்பதும் உள்ளே இவன் நிற்பதும் தெரிந்தன. என்னிடம் படித்தவன் முன்னால் கம்பை ஊன்றிக்கொண்டு போய் நிற்க எனக்கு என்ன தலையெழுத்து.

"அடுத்தவாட்டி எந்திரிக்காதீங்க டீச்சர்" என்றான். "முடியலைன்னு ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க. அது போதும்."

இவனை ஏழாம் வகுப்பில் ஒருநாள் முழுக்க வாசலில் நிற்க வைத்திருக்கிறேன். எதற்கு என்றால், கணக்கு 'முடியாது' என்று சொன்னதற்கு. என் வகுப்பில் அந்தச் சொல் கிடையாது. அதை அவனுக்கு ஞாபகப்படுத்தினேன். சிரித்தான். பழத்தை வைத்துவிட்டுப் போனான். பழம் எல்லாம் காய்.

ஜூலை 6, ஞாயிறு

தம்பி போன் செய்தான். யாரோ சொல்லியிருக்கிறார்கள். யார் என்று தெரியும், இட்லி விற்கிறவள்.

"அக்கா, எதுக்கு அங்க தனியாக் கெடந்து கஷ்டப்படுறீங்க. இங்க வந்துருங்க. மாடியில ஒரு ரூம் சும்மாதான் கெடக்கு."

மாடியில். அவன் வீட்டுக்கு ஒருமுறை போயிருக்கிறேன். இரும்புப் படி, திருகிக்கொண்டு மேலே போகும். அந்த அறையில் பழைய மெத்தையும் ஓடாத சைக்கிளும் கிடந்தன. அந்த வரிசையில் மூன்றாவதாக நான். ஏறிவிட்டால் பிறகு இறங்க முடியாது, சாப்பாடு மேலே வரும், அவன் மனைவி கொண்டுவருவாள். ஒவ்வொரு வேளையும் படி ஏறி வருகிற சத்தத்திலேயே அவள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவாள். நல்லவள்தான். வாயால் ஒன்றும் சொல்ல மாட்டாள்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.

"எப்பவும் இதத்தான் சொல்றீங்க."

அவனைத் தூக்கி வளர்த்தவள் நான். தூக்கிக்கொண்டு நடக்க மட்டும் முடியாது, அதனால் மடியில் வைத்தே வளர்த்தேன். அவனுக்கு அது மறந்திருக்கும். மறக்கட்டும். எனக்கு இந்த வீடு போதும். ஓட்டை ஜன்னல், உப்புத் தண்ணீர் எல்லாம் சேர்த்துத்தான் சொல்கிறேன். இதை விட்டுப் போக மாட்டேன்.

ஜூலை 11, வெள்ளி

வேலுத்தாய் இன்று எனக்கு நடிப்புச் சொல்லிக்கொடுத்தாள். கடையை மூடிவிட்டு வந்து, கதவைச் சாத்தி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, என் வீட்டுக்குள்ளேயே ஒரு காலை இழுத்து இழுத்து நடந்து காட்டினாள். பார்க்கச் சகிக்கவில்லை. நாடகத்தில் பிச்சைக்காரன் வேஷம் கட்டுகிறவன்கூடக் கொஞ்சம் கூச்சப்படுவான்.

"மொதல்ல, நல்ல சேல கட்டக் கூடாது. தலைக்கு எண்ண வைக்கக் கூடாது. பவுடரு கூடவே கூடாது. டாக்டரு வந்தா எந்திரிக்கிற மாதிரி பண்ணிட்டு அப்படியே சரிஞ்சு உக்காந்துரணும். அய்யோ அம்மான்னு ஒரு சத்தம்."

"நான் அய்யோ அம்மான்னெல்லாம் கத்த மாட்டேன்."

"அப்ப மெதுவாக் கத்துங்க."

"எனக்கு நிஜமாவே கால் இல்லை வேலுத்தாய். இருக்கிறதை வச்சு எதுக்கு நடிக்கணும்?"

"அது ஒங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். நீங்கதான் வெளிய தெரியாமப் பாத்துக்கிறீகளே. ஒங்க கால் சூம்பிப்போனதுன்னு இந்தத் தெருவுல பாதிப் பேருக்குத் தெரியாது. ஏதோ சுளுக்குன்னு நெனைக்கிறாக."

அது உண்மையாக இருக்கலாம். இடது தொடையில் கையை ஊன்றி நடப்பவள் நான். சேலை முந்தானையைப் பிடிப்பது போல ஊன்றுவேன், யாருக்கும் தெரியாது. வகுப்பில் மேசை விளிம்பு இருந்தது. கரும்பலகைச் சட்டம் இருந்தது. எங்கே எதைப் பிடிப்பது என்று நுழைந்தவுடன் கண் பார்த்துவிடும். அது நடிப்பு இல்லை, ஒழுங்கு. ஒழுங்குக்கும் நடிப்புக்கும் உள்ள வித்தியாசம் இட்லி அவிக்கிறவளுக்கு எப்படித் தெரியும்.

நடித்து வாங்குகிற சோறு எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வேலுத்தாய் காலை இழுத்துக்கொண்டே வாசல் வரை போய் அங்கே நிமிர்ந்து, "அப்ப கோயமுத்தூருக்குத்தான் போகணும்" என்றாள்.

ஜூலை 17, வியாழன்

துணிகளை வீட்டுக்குள்ளேயே கொடி கட்டிக் காயப்போடுகிறேன். மொட்டைமாடி வெயிலில் சாயம் போகிறது.

ஜூலை 22, செவ்வாய்

குளியலறையில் விழுந்துவிட்டேன். சோப்புத் தண்ணீர். தரை போட்ட கொத்தனார் எவனோ, அவன் கையில் கரண்டியைக் கொடுத்த மேஸ்திரி எவனோ, இரண்டு பேரையும் ஒருமுறை ஈரக்காலோடு அங்கே நடக்க விட வேண்டும்.

கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். எழுவதற்கு அவசரம் ஒன்றுமில்லையே. டியூஷன் பிள்ளைகள் வந்து கதவைத் தட்டினார்கள். இன்று விடுமுறை என்று உள்ளிருந்தே கத்திச் சொன்னேன். சந்தோஷமாக ஓடினார்கள். அதன் பிறகு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் கையை ஊன்றி எழுந்தேன். வழுக்கியது வலது கால்தான். நல்ல கால். அதனால் இது நோயில்லை, சோப்புதான்.

ஜூலை 29, செவ்வாய்

இன்று உட்கார்ந்து பாடம் எடுத்தேன். வெயில்.

ஆகஸ்ட் 4, திங்கள்

பிள்ளைகளில் ஒருத்தி, முன்பல் விழுந்தவள், "டீச்சர் ஏன் உக்காந்துக்கிட்டே இருக்கீங்க?" என்று கேட்டாள். கேள்வி கேட்கிற பிள்ளைகளை எனக்குப் பிடிக்கும் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். எல்லாக் கேள்வியும் இல்லை. வாய்பாட்டை இன்னொரு தடவை எழுதச் சொன்னேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

தேதி வந்துவிட்டது. இருபதாம் தேதி, புதன்கிழமை. வீட்டுக்காரரும் இன்றைக்கே வந்தார். வாடகை பாக்கியை அவர் வாயால் கேட்கவில்லை. "யாரோ நாலு பேரு வீடு கேட்டு வர்றாக டீச்சர்" என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். மாதக் கடைசிக்குள் சொல்வதாகச் சொன்னேன்.

நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். நீலச் சேலையைத்தான் கட்டப் போகிறேன். எண்ணெய் வைத்துத் தலை வாரிக்கொள்வேன். டாக்டர் வந்தால் எழுந்து நிற்பேன். படித்த டாக்டர் என்றால் எழுந்து நிற்கிறவளின் காலையும் பார்க்கத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அது அவர் படிப்பின் குறை. அதற்காக நான் கூனிக் குறுகி உட்கார வேண்டியதில்லை. கோயம்புத்தூருக்குப் போனாலும் நின்றுகொண்டிருந்தவள் என்ற பெயரோடு போகிறேன்.

ஆகஸ்ட் 20, புதன்

நடித்துவிட்டேன். எழுதவே கேவலமாக இருக்கிறது. ஆனாலும் நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

வேலுத்தாய் கடைக்கு விடுமுறை விட்டுவிட்டுக் கூட வந்தாள். நீலச் சேலையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். ஆட்டோவிலிருந்து இறங்கும்போது கம்பைத் தானே எடுத்து என் கையில் திணித்தாள். அறைக்குள் போய் உட்கார்ந்ததும் நான் அதை அவளிடமே திருப்பிக் கொடுத்து வெளியே அனுப்பிவிட்டேன். கதவு திறந்தே இருந்ததால் அவள் வராந்தாவில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கோட்டைச்சாமி கதவோரம் நின்றான். என்னைப் பார்த்து, வேண்டாம் என்பது போலத் தலையை லேசாக ஆட்டினான். எனக்கே பாடம் எடுக்கிறான்.

இந்தத் தடவை வேறு டாக்டர், ஒரு அம்மா. நரைத்த தலை, காலில் ரப்பர் செருப்பு. உள்ளே வந்தவுடன் பெஞ்சில் இருந்த எல்லாரும் எழுந்தார்கள். மாவுக்கட்டு போட்டிருந்த ஆள்கூடச் சுவரைப் பிடித்து எழுந்துவிட்டான். நான் மட்டும் எழவில்லை.

வலது கையைப் பெஞ்சில் ஊன்றினேன். நடிப்பு என்றால் முதலில் எழுவதற்கு முயற்சி செய்வது போலக் காட்ட வேண்டும், அப்போதுதான் நம்புவார்கள் என்று வேலுத்தாய் சொல்லியிருக்கிறாள் அல்லவா. ஒருமுறை காட்டினேன். நம்பாமல் போய்விடுவார்களோ என்று இன்னொரு முறையும் காட்டினேன். மூன்றாவது முறை வியர்த்துவிட்டது. அந்த அறையில் மின்விசிறி சரியில்லை.

"இருக்கட்டும்மா, உக்காருங்க" என்றார் டாக்டரம்மா. தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு என் முன்னால் வந்து உட்கார்ந்தார். சேலையைக் கணுக்கால் வரை ஒதுக்கி இடது காலைப் பார்த்தார். அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். பிறகு வலது காலை எடுத்தார். பாதத்தின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"என் கையை மேல தள்ளுங்கம்மா."

சும்மா இருந்தார். நானும் சும்மா இருந்தேன்.

"தள்ளுங்க."

"தள்ளிக்கிட்டுத்தான் இருக்கேன்."

அவர் கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை. நன்றாக ஏமாந்துவிட்டார், பாவம்.

"இந்தக் கால் எப்ப இருந்து இப்படி இருக்கு?"

"அது நல்ல கால்" என்றேன். சின்ன வயதிலிருந்து எங்கள் வீட்டில் அதற்கு அதுதான் பெயர்.

"சின்ன வயசுல போலியோ வந்தவங்களுக்கு வயசானப்புறம் இப்படி வர்றது உண்டும்மா. இத்தனை வருஷம் ரெண்டு காலு வேலையையும் இதுவே பாத்துருக்கு. ஓஞ்சு போச்சு." என்னை நிமிர்ந்து பார்த்தார். "நிக்க முடியுமாம்மா?"

கோட்டைச்சாமி கதவோரம் நின்றுகொண்டிருந்தான், ஏழாம் வகுப்பில் நான் வாசலில் நிற்க வைத்த மாதிரியே.

"முடியாது" என்றேன்.

நடிப்பில் வசனமும் இருக்கிறது. டாக்டரம்மா எழுதினார். போன தடவை எழுதியதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். வேலை செய்ய இயலாதவர் என்று போட்டுக் கையெழுத்துப் போட்டார். தெளிவான கையெழுத்து. உதவித்தொகை திரும்ப வரும், நின்றுபோன மாதத்துக்கும் சேர்த்து. வீடு தங்கும்.

வேலுத்தாய் உள்ளே வந்து என் காதோரம் குனிந்தாள். சிரிப்பை அடக்க முடியவில்லை அவளுக்கு.

"எம்மா டீச்சர். நான்கூட மெரண்டுட்டேன். அந்தக் கைய ஊனி ஊனி எந்திரிக்கப் பாத்தீகளே, என்னா நடிப்பு. இத்தன நாளு எனக்கு ஒண்ணுமே தெரியாதுன்னுட்டு இருந்தீகளே."

"நீதான சொல்லிக்குடுத்த."

"நான் சொன்னது இதுல கால்வாசிகூட இல்ல."

கோட்டைச்சாமி சிரிக்கவில்லை. ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து என் பக்கத்தில் நிறுத்தினான். "ஆட்டோ வரைக்கும் டீச்சர்" என்றான். கேட் தாண்டும்வரை வேஷத்தைக் கலைக்கக் கூடாது, யாராவது பார்த்தால் எழுதினதைக் கிழித்துவிடுவார்கள். அதனால் உட்கார்ந்தேன். வராந்தா முழுக்கப் பள்ளம் மேடு பார்த்துத் தள்ளிக்கொண்டு வந்தான். ஆட்டோவில் என்னை ஏற்றும்போது அவன் மூக்கை உறிஞ்சினான். ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவன் ஜலதோஷத்துக்கு ஒரு மாத்திரை வாங்கிப் போடக் கூடாதா.

ஆகஸ்ட் 21, வியாழன்

காலையில் எழத் தாமதமாகிவிட்டது. வேலுத்தாய் இட்லியோடு வந்து கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். இரவு தாழ்ப்பாள் போடவில்லை, கதவு வரைக்கும் போக அலுப்பாக இருந்தது. நான் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். காபி போடவில்லை, தலை வாரவில்லை.

"என்ன டீச்சர், இன்னும் அதே கோலத்துல உக்காந்திருக்கீக? ஆஸ்பத்திரி நேத்தே முடிஞ்சுபோச்சு. நடிச்சது போதும், எந்திரிங்க."

"வேஷம் கலையக் கொஞ்ச நேரம் ஆகும்" என்றேன்.

சிரித்தாள். தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு, நாடகத்தில் ராணிக்குக் கை கொடுக்கிற தோழி மாதிரி இடுப்பை வளைத்துக் கையை நீட்டினாள். நானும் ராணி மாதிரி பிடித்தேன். எழுந்தேன். பாதி எழுந்தபோது என் எடை முழுவதும் அவள் கையில் இறங்கிவிட்டது. மாவு அரைத்து அரைத்து உரமேறிய கை, விடவில்லை. ஆனால் சிரிப்பு நின்றுவிட்டது. இன்னொரு கையையும் கொண்டுவந்து என் இடுப்பைச் சுற்றிப் பிடித்து, மெதுவாகத் திரும்ப உட்கார வைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"இட்லி ஆறிரும்" என்றாள். தட்டு எடுத்து, இட்லியைப் பிட்டு, சட்னி ஊற்றி என் மடியில் வைத்தாள். பிறகு கிணற்றடிக்குப் போய் வாளியை முழுக்க நிரப்பிக் கொண்டுவந்து குளியலறையில் வைத்தாள். மூக்குச்சளியை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். ஊரெல்லாம் ஜலதோஷம்.

அவ்வளவு நன்றாக நடித்திருக்கிறேன். சொல்லிக்கொடுத்தவள், அவளும் நம்பிவிட்டாள்.